முள்சீத்தா, கட்டு இரண்டு வெள்ளி

தேக்கா ஈரச்சந்தையில் என் கடைக்கு
எண் மட்டும்தான், பெயர்ப்பலகை இல்லை.
முருங்கைக்கீரைக்கும் வாழைப்பூவுக்கும் நடுவே
மூன்று வருடமாய் முள்சீத்தா இலை.
ஜொகூரிலிருந்து விடியுமுன் வரும்.
டூரியான் பெலாண்டா இருக்கா என்பார் ரொஹானி அக்கா.
பெயர் தெரியாத சீனத்துப் பெரியவர்
கைப்பேசியில் படத்தைக் காட்டுவார்.
யாருக்கு என்று நான் கேட்டதில்லை.
குழம்புக்கு வாங்குகிற கை பேரம் பேசும்.
இந்த இலைக்கு யாரும் பேரம் பேசியதில்லை.

"இதுக்குக் கேக்குமாக்கா?"
"நிறையப் பேர் வாங்குறாங்க."
பொய் இல்லை அது.
பதிலும் இல்லை.

இப்போது என் இடது மார்பில்
சுண்டைக்காய் அளவு.
நொவீனாவில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள்.
அறுவை, அப்புறம் கீமோ, முடி கொட்டும் என்றார்
டாக்டர் லோ ஹுய் ஷான்.
நூறு பேரில் இத்தனை பேர் என்று ஓர் எண் சொன்னார்.
அந்த நூறில் நான் எந்தப் பக்கம் என்றேன்.
"அது எனக்குத் தெரியாது, மேடம்."
முப்பது வருடமாய் நிறுக்கிறேன்.
முள் நிற்காமல் நான் விலை சொன்னதில்லை.
இந்த அம்மா ஆடுகிற முள்ளைக் காட்டி
கையெழுத்துக் கேட்கிறார்.

வாட்ஸ்அப்பில் எந்த முள்ளும் ஆடாது.
மச்சான் வடமலை அனுப்புகிறார்:
கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு.
ஈப்போவில் ஒரு பெண், முப்பதே நாள்.
கத்தி பட்டால் பரவும்.
சர்க்கரையை நிறுத்து, கட்டி பட்டினியில் சாகும்.
கடைசியில் இரண்டு கும்பிடும் கைகள்.
ஈப்போவில் எந்தப் பெண் என்று கேட்டேன்.
அவருக்குத் தெரியாது, அவருக்கு அனுப்பியவருக்கும்.
அதிகாலை மூன்று மணிக்கு உட்கார்ந்து
எனக்காகத் தேடியிருக்கிறார் மனுஷன்.
விரோதி என்றால் அழித்துவிட்டுத் தூங்கியிருப்பேன்.

சொல்ல வெட்கம்தான்.
அன்றிரவு ஒரு கட்டை நானே அவித்தேன்.
துவர்ப்பு, கொஞ்சம் பச்சை வாடை.
என் கடையில் காசு கொடுக்காமல் வாங்கிய
முதல் வாடிக்கையாளர் நான்.

ஆறாம் நாள் கிண்ணத்தை ஊதும்போது
புதன்கிழமைக்காரர் ஞாபகம் வந்தார்.
பஸ் ஓட்டும் சீருடையோடு வருவார்,
வாரம் இரண்டு கட்டு, எட்டு மாதம்.
ஒரு நாள் இலைப் பக்கம் பார்க்கவே இல்லை.
சாம்பல் பூசணி கேட்டார், அகத்திக்கீரை கேட்டார்.
பதினாறாம் நாளுக்கு என்றார்.
ஆஸ்பத்திரிக்குப் போகலையா தம்பி என்றேன்.
"இதுலயே சரியாயிடும்னு இருந்துட்டோம்.
மொதல்ல இத்துணூண்டுதான் இருந்துச்சு."
சுண்டுவிரல் நுனியைக் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினார்.
என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.
சில்லறைகூடச் சரியாகக் கொடுத்தார்.

மிச்சத்தைக் கழுவுதொட்டியில் கொட்டினேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆக்னெஸிடம் சொன்னேன்.
திட்டுவாள் என்றிருந்தேன்.
எத்தனை நாள், எத்தனை இலை என்று எழுதிக்கொண்டு
கல்லீரலுக்கென்று இன்னொரு குழாய் ரத்தம் எடுத்தாள்.
இஞ்சி சேர்த்துக்கலாமா என்றேன்.
"சாப்பாட்டில் போடுவதுபோல் போடுங்கள்,
வேறு எதுவானாலும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள்."
பதினான்காம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.
பயம் போகவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கூடையில் இன்னும் நான்கு கட்டு இருக்கிறது.
இன்று காலை ஒரு பெண்,
தோளில் அலுவலக அட்டை தொங்க, கண் வீங்கி,
"அக்கா, இது கேக்குமா?"
கட்டை எடுத்துவிட்டேன், பை பிரித்துவிட்டேன்.
பிறகு கை நின்றது.
"யாருக்கும்மா?" என்றேன்.
"டாக்டர் என்ன சொன்னாங்க?"

அவள் வாய் திறந்தபடி நின்றாள்.
பின்னால் யாரோ வெண்டைக்காய் விலை கேட்டு
இரண்டாம் முறையாகச் சத்தம் போட்டார்.
இருக்கட்டும் என்று
முக்காலியை அவள் பக்கம் தள்ளினேன்.